சுற்றைக் கூட்டினால் மட்டும் போதுமா? மின்காந்தத்தின் பலம் எதில் இருக்கிறது

ஓர் இரும்பாணி, கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஒரு பேட்டரி. ஆணியில் கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் பேட்டரியில் வைத்தால் ஆணி குண்டூசிகளை இழுக்கும். கம்பியை எடுத்துவிட்டால் ஊசிகள் உதிரும். இதன் பலத்தைக் கூட்ட என்ன செய்யலாம் என்று தேர்வில் கேட்டால் மூன்று வரியில் விடை எழுதிவிடலாம்: மின்னோட்டத்தைக் கூட்டலாம், சுற்றுகளைக் கூட்டலாம், உள்ளே தேனிரும்பு (எளிதில் காந்தமாகி, எளிதில் அதை இழக்கும் இரும்பு) வைக்கலாம்.

வீட்டில் உட்கார்ந்து அதை உண்மையிலேயே செய்து பார்க்கும் பிள்ளைக்குத்தான் குழப்பம். ஐம்பது சுற்றை நூறாக்கினால் பலம் எதிர்பார்த்தபடி இரட்டிப்பதில்லை. இருநூறை நானூறாக்கினால் வித்தியாசம் தெரிவதே சிரமம். மலிவான ஒன்பது வோல்ட் பேட்டரியை மாட்டினால், ஒன்றரை வோல்ட் செல் தூக்கிய அளவுகூடத் தூக்காமல் போகலாம். மூன்று வரியில் எதுவும் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கூட்டும்போது இன்னொன்று குறையும், எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்ற செய்தி அதில் இல்லை.

## கம்பியிலிருந்து சுருளுக்கு

1820-இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இருக்கும் என்பது அன்று உறுதியானது. காந்தப்புலம் என்பது ஒரு காந்தத்தின் செல்வாக்கு ஓர் இடத்தில் எவ்வளவு என்று சொல்லும் அளவு. அதன் அலகு டெஸ்லா.

ஒற்றைக் கம்பியின் புலம் மிகவும் சன்னம். ஒரு ஆம்பியர் ஓடும் நேர்கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோ டெஸ்லாதான் இருக்கும். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அதில் பாதி! முள்ளைக் கொஞ்சம் திருப்பலாம், ஊசியைத் தூக்க முடியாது.

கம்பியைச் சுருளாகச் சுற்றினால் கதை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றின் புலமும் உள்ளே ஒரே திசையில் சேர்ந்துகொள்கிறது. இப்படி நீளவாக்கில் சுற்றிய சுருளுக்கு வரிச்சுருள் என்று பெயர். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் 100 சுற்று சுற்றி ஒரு ஆம்பியர் செலுத்தினால் உள்ளே 1.26 மில்லி டெஸ்லா கிடைக்கும். பூமியின் புலத்தைப் போல் சுமார் முப்பது மடங்கு.

இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது மொத்தச் சுற்று அல்ல. ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான். அதே 100 சுற்றை இருபது சென்டிமீட்டருக்குப் பரப்பிச் சுற்றினால் புலம் பாதியாகிவிடும். இரண்டு பேர் ‘நூறு சுற்று’ சுற்றி இரண்டு விதமான விடை வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## பதினெட்டுச் சுற்றும் பட்டுத் துணியும்

1825-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தம் குதிரைலாடம் போல் வளைந்த, சுமார் 200 கிராம் எடையுள்ள இரும்பு. அதன்மேல் வெறும் செம்புக் கம்பியை 18 சுற்று சுற்றியிருந்தார். அது சுமார் 4 கிலோவைத் தூக்கியது. கம்பிக்கு உறை கிடையாது என்பதால் இரும்பின்மேல்தான் வார்னிஷ் பூசியிருந்தார். ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டால் மின்சாரம் குறுக்கே தாவிவிடும். அதனால் சுற்றுகளைத் தள்ளித் தள்ளித்தான் போட முடிந்தது, ஓர் அடுக்குக்கு மேல் போகவும் வழியில்லை.

அமெரிக்காவின் ஆல்பனியில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, கம்பிக்கே பட்டுத் துணியால் உறை போட்டார். அடுத்தடுத்து நெருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகச் சுற்றினார். 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தாங்கியது. இன்று ரீவைண்டிங் கடைகளில் கிலோ கணக்கில் விற்கும் வைண்டிங் கம்பியின் மேலுள்ள மெல்லிய எனாமல் பூச்சு செய்வது அந்தப் பட்டின் வேலையைத்தான். கம்பியின் முனையைச் சுரண்டாமல் பேட்டரியில் வைத்துவிட்டு ‘காந்தம் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் மறப்பதும் அதைத்தான்.

ஹென்றி கண்டுபிடித்த இன்னொன்று பட்டைவிடப் பெரியது. ஒரே நீளக் கம்பியாகச் சுற்றுவதா, பல குட்டிச் சுருள்களாகச் சுற்றி இணையாக இணைப்பதா என்று அவர் இரண்டையும் சோதித்தார். ஒற்றை மின்கலம் இருந்தால் குட்டிச் சுருள்கள் நன்றாக வேலை செய்தன. பல கலங்களைத் தொடராக இணைத்த பேட்டரிக்கு நீளக் கம்பி பொருந்தியது. ஆக, சுருளின் பலத்தைப் பேட்டரியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆணிச் சோதனையின் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

## ஆம்பியர்-சுற்று: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சுற்றுகளின் எண்ணிக்கையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது ஆம்பியர்-சுற்று. 100 சுற்றில் 2 ஆம்பியர் ஓடினாலும், 200 சுற்றில் 1 ஆம்பியர் ஓடினாலும் 200 ஆம்பியர்-சுற்றுதான். ஒரே நீளத்தில் சுற்றியிருந்தால் காந்தத்துக்கு இரண்டும் ஒன்று.

5 மில்லிமீட்டர் தடிமனான ஆணி, 26 கேஜ் கம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு சுமார் 17 மில்லிமீட்டர் கம்பி ஆகும். அதன் மின்தடை சுமார் 0.0018 ஓம். பென்டார்ச் செல் ஒன்றரை வோல்ட். அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு தடை உண்டு, அதுதான் அகமின்தடை. புது ஆல்கலைன் செல்லில் அது 0.2 ஓம் என்று கொள்வோம்.

1. 50 சுற்று: கம்பியின் தடை 0.09 ஓம், செல்லையும் சேர்த்து 0.29 ஓம். மின்னோட்டம் 5.2 ஆம்பியர். கிடைப்பது சுமார் 260 ஆம்பியர்-சுற்று.
2. 100 சுற்று: மொத்தத் தடை 0.38 ஓம். 3.9 ஆம்பியர். சுமார் 395.
3. 200 சுற்று: 0.56 ஓம். 2.7 ஆம்பியர். சுமார் 535.
4. 400 சுற்று: 0.92 ஓம். 1.6 ஆம்பியர். சுமார் 650.
5. எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும் 830-ஐத் தாண்டாது.

சுற்று எட்டு மடங்கானது, ஆம்பியர்-சுற்றோ இரண்டரை மடங்குதான் ஆனது. உண்மையில் இதைவிடவும் குறையும். ஏனென்றால் மேலடுக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி அதிகம் பிடிக்கும். மேலும் 5 ஆம்பியர் இழுத்தால் சின்னச் செல் சீக்கிரமே சோர்ந்து, சூடாகிவிடும்.

சரி, அகமின்தடையே இல்லாத ஒரு நல்ல மின்மூலம் இருந்தால்? அப்போதுதான் வேடிக்கை. சுற்றை இரட்டித்தால் கம்பியின் நீளம் இரட்டிக்கும், தடை இரட்டிக்கும், மின்னோட்டம் பாதியாகும். பெருக்கிப் பார்த்தால் ஆம்பியர்-சுற்று இம்மியும் மாறாது. ஒரு சுற்றானாலும் ஆயிரம் சுற்றானாலும் ஒன்றுதான்!

அப்படியானால் சுற்று எதற்கு? சிக்கனத்துக்கு. ஆயிரம் சுற்றில் குறைந்த மின்னோட்டத்திலேயே அதே ஆம்பியர்-சுற்று கிடைத்துவிடும். சூடு குறையும், பேட்டரி நாள்பட உழைக்கும். செம்புக்குச் செலவழித்தால் மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லலாம். அதே மின்னழுத்தத்தில் பலத்தையே கூட்ட வேண்டுமானால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். குறுக்குப் பரப்பு இரு மடங்கானால் ஒரு சுற்றின் தடை பாதியாகி, ஆம்பியர்-சுற்று இரட்டிக்கும்.

ஒன்பது வோல்ட் பேட்டரியின் புதிரும் இதோடு தீர்கிறது. அதற்குள் ஆறு குட்டிச் செல்கள் தொடராக இருக்கின்றன. மின்னழுத்தத்தைப் போலவே அகமின்தடையும் ஏறிவிடும். மலிவு ரகத்தில் அது பல ஓம். 0.1 ஓம் சுருளை அதில் மாட்டினால் மின்னழுத்தம் முழுவதும் பேட்டரிக்குள்ளேயே செலவாகிப்போகும். அதற்காகக் கார் பேட்டரியில் மாட்டிப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன நூறு சுற்றில் அது அறுபது ஆம்பியருக்கு மேல் தள்ளும், கம்பி புகையும். வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

## இரும்பு செய்யும் வேலை

இரும்புக்குள் காந்தமாகவே இருக்கும் நுண்ணிய பகுதிகள் ஏராளம். அவை ஆளுக்கொரு திசையில் நிற்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. சுருளின் புலம் அவற்றைத் தன் பக்கம் திருப்புகிறது. திரும்பிய பகுதிகளின் புலமும் சேர்ந்துகொள்ள, மொத்தம் பல மடங்காகிறது. எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அளவு உட்புகுதிறன். தேனிரும்புக்கு அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆணி வைத்தால் ஆயிரம் மடங்கு பலம் கிடைக்கும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கிடைக்காது. ஆணியின் இரு முனைகளும் திறந்தே இருக்கின்றன. காந்தக் கோடுகள் ஒரு முனையில் வெளியேறி, காற்று வழியாகச் சுற்றி மறுமுனைக்கு வர வேண்டும். அந்தக் காற்றுப் பயணம்தான் வரம்பு போடுகிறது. நீளம் விட்டத்தைப் போல் பத்து மடங்குள்ள தண்டின் நடுவில் சுமார் ஐம்பது மடங்குதான் பெருக்கம். இருபது மடங்கு நீளமானால் நூறிலிருந்து நூற்றைம்பது. இரும்பு எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் இதில் பெரிய மாற்றம் வராது. குட்டையான போல்ட்டைவிட மெல்லிய நீள ஆணி, ஒரே ஆம்பியர்-சுற்றில், உள்ளே அதிகமாகக் காந்தமாவதற்குக் காரணம் இந்த வடிவம்.

ரகத்தைப் பொறுத்து மாறுவது வேறொன்று. மின்சாரத்தை நிறுத்திய பிறகு எவ்வளவு காந்தம் மிஞ்சுகிறது என்பதுதான் அது. தேனிரும்பில் திரும்பிய பகுதிகள் பெரும்பாலும் கலைந்துவிடும். கடினமான எஃகில் அப்படியே நின்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்துச் சோதித்தால் அது அப்புறம் நிரந்தரமாகவே ஆணி பொறுக்கும். பட்டறைக்கு அது உதவி, சோதனைக்குத் தொல்லை. சில எவர்சில்வர் ரகங்களில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. அதை உள்ளகமாக வைப்பதும் காற்றை வைப்பதும் ஒன்று.

## தெவிட்டும் இடம்

தேர் இழுக்கும் தெருவில் எல்லாரும் தேரைப் பார்த்துத் திரும்பியாயிற்று. அதன்பிறகு ஒலிபெருக்கியில் எவ்வளவு கத்தினாலும் திரும்ப ஆள் இல்லை. இரும்பிலும் அதுதான் நடக்கிறது. எல்லாப் பகுதிகளும் சுருளின் திசைக்குத் திரும்பிய பிறகு, மின்னோட்டத்தைக் கூட்டினால் கிடைப்பது சுருளின் சொந்தப் புலத்தின் சொற்ப அதிகரிப்பு மட்டுமே. இதற்குக் காந்தத் தெவிட்டல் என்று பெயர். 1840-வாக்கில் ஜேம்ஸ் ஜூல் இதைக் கவனித்தார்.

தூய இரும்பு சுமார் 2.15 டெஸ்லாவில் தெவிட்டும். சாதாரண எஃகு 1.6-ஐத் தாண்டியதுமே முரண்டு பிடிக்கத் தொடங்கும். கோபால்ட் கலந்த இரும்பு 2.35 வரை போகும். ஃபெரைட் என்ற பீங்கான் வகைக் காந்தப்பொருள் அரை டெஸ்லாவுக்குள்ளேயே நின்றுவிடும்.

இரண்டு டெஸ்லாவுக்கு மேல் போக வேண்டுமானால் இரும்பை நம்பிப் பயனில்லை. மின்னோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். சாதாரணச் செம்பில், பலமாகக் குளிர்விக்காமல், அவ்வளவு ஓட்டினால் உருகிவிடும். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் 3 டெஸ்லா காந்தங்கள் பெரும்பாலும் நியோபியம்-டைட்டானியம் கம்பியால் ஆனவை. சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் அந்தக் கம்பிக்கு மின்தடையே கிடையாது, இப்படிப்பட்டதைத்தான் மீக்கடத்தி என்கிறார்கள். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள்முடுக்கியில் இதே வகைக் கம்பி 11,850 ஆம்பியர் தாங்கி 8.33 டெஸ்லா தரும்படி வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டல்லஹாசியில் உள்ள 45 டெஸ்லா காந்தம் மீக்கடத்திச் சுருளும் தண்ணீரால் குளிர்விக்கும் செம்புச் சுருளும் சேர்ந்தது. அதற்கு சுமார் 30 மெகாவாட் மின்சாரம் வேண்டும். அங்கே தடை போடுவது இரும்பும் இல்லை, சூடு மட்டும் இல்லை. 45 டெஸ்லாவின் காந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் எட்டாயிரம் மடங்கு. சுருள் தன் பலத்தால் தானே பிய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பாடு.

## காகிதத் துண்டு அளவு இடைவெளி

காந்தப்புலமும் இழுவிசையும் ஒன்றல்ல. இரும்பின்மேல் செயல்படும் இழுவிசை, புலத்தின் இருமடியைப் பொறுத்தது. புலம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. முகம் முகத்தோடு ஒட்டியிருக்கும்போது, 1 டெஸ்லாவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4 கிலோ எடை தாங்கும். 1.6 டெஸ்லாவில் சுமார் 10 கிலோ.

‘ஒட்டியிருக்கும்போது’ என்பதுதான் முக்கியம். உட்புகுதிறன் ஆயிரம் உள்ள இரும்பைக் கடப்பதும் காற்றைக் கடப்பதும் காந்தக் கோடுகளுக்கு ஒன்றல்ல. 0.1 மில்லிமீட்டர் காற்று பத்து சென்டிமீட்டர் இரும்புக்குச் சமம். ஒரு தாள் காகிதத்தின் தடிமன் அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் காற்றில் 1 டெஸ்லா வேண்டுமானால் அதற்கு மட்டும் 800 ஆம்பியர்-சுற்று செலவாகும். குதிரைலாடக் காந்தத்தில் இரு முனைகளிலும் இடைவெளி என்பதால் அதுவும் இரட்டிப்பு. பெயிண்ட், துரு, மேடுபள்ளம் எல்லாமே இடைவெளிதான். பழைய இரும்புக் கிடங்கின் கிரேன் காந்தம், வழவழப்பான எஃகுப் பாளத்தைப் பிடிக்கும் எடையில் சிறு பங்கைத்தான் நெளிந்த தகரக் குவியலில் அள்ளும். ஷாங்காய் காந்த ரயிலை மின்காந்தங்கள் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தூக்கிப் பிடிக்கின்றன. இடைவெளி கொஞ்சம் சுருங்கினாலும் இழுவை கூடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் என்பதால், மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கணினிதான் திருத்திக்கொண்டே இருக்கிறது.

## தேனியின் 50,000 டன்

இடைவெளியை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூரிலேயே ஓர் உதாரணம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவி, 50,000 டன் இரும்புத் தகடுகளால் ஆன மின்காந்தம். தகடுகளுக்குள் புலம் சுமார் 1.5 டெஸ்லா. இதன் சிறு மாதிரியாக 85 டன் காந்தம் ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டது. திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு காடு, நீர், மலைக் குடைவு சார்ந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது. அந்த வாதங்கள் தனி. இங்கே பார்ப்பது காந்தத்தை மட்டும்.

50,000 டன் என்றதும் சுற்றுவட்டார இரும்பையெல்லாம் இழுத்துவிடும் என்று தோன்றலாம். எடைக்கும் இழுவைக்கும் அப்படித் தொடர்பு கிடையாது. இங்கே காந்தக் கோடுகள் தகடுகளுக்குள்ளேயே சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கின்றன. ஆணியைப் போலத் திறந்த முனை இல்லை. வெளியே கசிவது மிகக் குறைவு. இவ்வளவு இரும்பு எதற்கு என்றால், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பெரும்பாலும் எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகிறவை. மோதுவதற்கு ஏராளமான பொருள் வேண்டும். மோதலில் பிறக்கும் மியூவான் என்ற மின்னூட்டத் துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்கத்தான் காந்தப்புலம். 1.5 என்ற எண்ணும் காரணத்தோடு வந்ததுதான். அதற்கு மேல் போனால் இரும்பு தெவிட்டும் பகுதிக்குள் நுழைந்துவிடும். சிறு லாபத்துக்குப் பல மடங்கு ஆம்பியர்-சுற்று கொட்ட வேண்டியிருக்கும்.

## சூடு

செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் இருந்த சுருள் 80 டிகிரிக்குப் போனால் தடை சுமார் 24 சதவீதம் கூடும். அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரும்பு தெவிட்டாத நிலையில் இழுவை இருமடியாகப் போவதால் அது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கிரேன் காந்தம் காலையில் தூக்கியதை மதியம் தூக்காமல் இருப்பதற்கு ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை.

## ஏசி மின்சாரத்தில் விதி தலைகீழ்

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கு. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் வேலை செய்யும் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்தால் வேறு உலகம். நடுவில் ஒரு காயில், அதாவது சுருள். அதைச் சுற்றி இரண்டு ஈ வடிவ இரும்பு. இரும்பு கெட்டித் துண்டாக இல்லாமல் மெல்லிய தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்திருப்பார்கள். கெட்டித் துண்டாக இருந்தால் மாறும் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கிச் சூடேற்றிவிடும். இரும்பின் முகத்தில் காடி வெட்டி ஒரு செம்பு வளையம் பதித்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இழுவை நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வரும். அந்த வளையம் முகத்தின் ஒரு பகுதியில் மட்டும் புலத்தைத் தாமதப்படுத்தி, இழுவை ஒரேயடியாக விழாமல் காக்கிறது. வளையம் விரிசல் விட்டால் ஸ்டார்ட்டர் உறுமும்.

ஏசி காயிலில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் தடை அல்ல, மாறும் காந்தப்புலம் காயிலிலேயே தூண்டும் எதிர் மின்னழுத்தம். அதனால் இரும்பிலுள்ள காந்தப்பாயம் (அதன் வழியே போகும் மொத்தக் காந்தக் கோடுகளின் அளவு) மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்திலும் சுற்றுகளுக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகிறது. சுற்றைக் குறைத்தால் காந்தம் கூடும்! பாடப்புத்தக விதிக்கு நேர் எதிர். ரீவைண்டிங்கில் சுற்று குறைந்த காயில் வெடுக்கென்று இழுக்கும், ஆனால் மின்னோட்டம் ஏறிச் சீக்கிரம் கருகும்.

இதன் விளைவுகள் கிராமத்தில் அன்றாடம் தெரியும்:

1. மின்னழுத்தம் 70 சதவீதத்துக்கு இறங்கினால் இழுவை 49 சதவீதம்தான். காயில் பாதி இழுத்துவிட்டு நடுங்கும். அந்த நடுக்கத்தில் தொடுமுனைகள் தீய்ந்துபோகும்.
2. இரும்பு முழுக்க மூடினால்தான் மின்னோட்டம் குறையும். எறும்புக் கூட்டமோ செத்த பல்லியோ நடுவில் மாட்டி மூடவிடாமல் செய்தால், காயிலில் பல மடங்கு மின்னோட்டம் நிலைத்து நின்று எரித்துவிடும். காயில் போச்சு என்று புதுக் காயில் மாட்டுவதற்கு முன் முகத்தைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

## ஆணிச் சோதனையைச் சரியாகச் செய்ய

மறுபடியும் ஆணிக்கே வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாற்றியது ஒன்றுதானா என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

1. சுற்றின் விளைவைப் பார்க்க, நான்கு மீட்டர் கம்பியை வெட்டாமல் முழுதாக வைத்துக்கொள்ளவும். ஐம்பது சுற்றுக்கு வேண்டியதை ஆணியில் சுற்றி, மீதியை ஆணிக்குத் தள்ளி, மடித்துப் போடவும். அடுத்து நூறு, நூற்றைம்பது. தடை எப்போதும் ஒன்றாகவே இருப்பதால் மின்னோட்டம் மாறாது. சுற்றுகளை ஒரே நீளத்துக்குள் அடக்குவதும் அவசியம்.
2. நடுவில் ஓர் அம்மீட்டர் இருக்கட்டும். செல் சோர்வதையும் கம்பி சூடாவதையும் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு நொடிக்கு மேல் இணைப்பில் வைக்க வேண்டாம்.
3. குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கி மேலே போகவும். முதலில் அதிகம் கொடுத்தால் மிச்சக் காந்தம் அடுத்த அளவீட்டில் கலந்துவிடும். ஆணியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டால் மிச்சக் காந்தம் குறையும்.
4. குண்டூசி எண்ணுவது முரட்டு அளவு. ஊசியே காந்தமாகி அடுத்த ஊசியைப் பிடிக்கிறது, சங்கிலி எங்கே அறும் என்பது அதிர்ஷ்டம். டிஜிட்டல் தராசின்மேல் உயரமான பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் ஓர் இரும்பு வில்லையை வைத்து பூஜ்யமாக்கி, ஆணியைக் குறிப்பிட்ட இடைவெளியில் மேலே நிலையாகக் கட்டினால், தராசு மைனஸில் காட்டும் கிராம்தான் இழுவை. வில்லை மேலெழும்பி ஒட்டிக்கொள்ளாத அளவு இடைவெளி இருக்கட்டும்.

வரைபடத்தில் சுற்றை இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கை ஒட்டி ஏற வேண்டும். ஏறாமல் வளைந்தால் முதலில் அம்மீட்டர் குறிப்பைப் பார்க்கவும். மின்னோட்டமும் சேர்ந்து இறங்கியிருந்தால் குற்றவாளி செல் அல்லது சூடு. மின்னோட்டம் அசையாமல் நிற்க, வரைபடம் மட்டும் வளைந்திருந்தால், அடுத்து சுற்றுகள் நீளவாக்கில் பரவிவிட்டனவா என்று அளந்து பார்க்கலாம். அதுவும் சரியாக இருந்தால் ஆணி தெவிட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் தடிமனான ஆணியை வைத்து அதே அளவீடுகளை மறுபடி எடுத்தால், வளைவு தொடங்கும் இடம் வலப்பக்கம் தள்ளிப்போவதைப் பார்க்கலாம்.